பெறுபேற்றுத் தாளில் நீர் பார்க்காமல் விட்ட எண்

கேள்வி (2025, பெறுபேறு வந்த பிறகு):

வணக்கம் மிஸ். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 2024 உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதினேன். பரீட்சை நடுவில் வெள்ளம் வந்து சில நாள் நின்றது உங்களுக்குத் தெரியும். உயிரியல் சி, இரசாயனவியல் எஸ், பௌதிகவியல் எஸ். டொக்டர் ஆகுவாள் என்று ஊரே சொன்னது. இப்போது வெளியில் இறங்க வெட்கமாக இருக்கிறது. அப்பா 2009 இல் இறந்துவிட்டார். அம்மா கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறா. அண்ணா ஓ.எல். உடன் படிப்பை நிறுத்திவிட்டு உழவு இயந்திரம் திருத்தும் கராச் ஒன்றில் ஏழு வருடமாக வேலை செய்கிறார். "யாழ்ப்பாணத்தில் நின்று இரண்டாம் தரம் எழுது, செலவை நான் பார்க்கிறேன்" என்று அவர் சொல்கிறார். மாமா, மூன்றரை இலட்சம் கட்டினால் தனியார் நிறுவனம் ஒன்றில் நேர்சிங் டிப்ளோமா படிக்கலாம், முள்ளிவாய்க்காலிலிருந்து அம்மா கொண்டுவந்த தாலிக்கொடியை அடகு வைக்கலாம் என்கிறார். என் கூட்டாளி கார்மென்ற்சுக்கு வரச் சொல்கிறாள். அம்மா ஒன்றும் சொல்கிறா இல்லை, அழுகிறா. கம்பஸ் எப்படியும் கிடைக்காது என்று நான் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. என்ன செய்வது மிஸ்?

பெயர் போட வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்.

பதில்:

அன்புள்ள பிள்ளை,

உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்று பாடத்தின் பெறுபேறு இருக்கிறது. மூன்றரை இலட்சம் இருக்கிறது. ஊர்ச் சனம் சொன்னது இருக்கிறது. இசட் புள்ளி மட்டும் இல்லை. பல்கலைக்கழக அனுமதி அந்த எண்ணில்தான் நிற்கிறது. பெறுபேற்றுத் தாளில் அது இருக்கிறது, மாவட்டத்தில் எத்தனையாவது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். சி, எஸ், எஸ் என்ற மூன்று எழுத்தைக் கண்டதும் நீர் தாளை மடித்து வைத்துவிட்டீர் போல. இதை வாசிக்கிறதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாரும். மிச்சத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

எஸ் என்ற எழுத்து 35 புள்ளியிலிருந்து 54 வரைக்கும் உள்ள எல்லாருக்கும் போடுகிற எழுத்து. 36 எடுத்த பிள்ளைக்கும் 54 எடுத்த பிள்ளைக்கும் அதே எஸ்தான். ஊர் அந்த எழுத்தை வைத்துக் கதைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அப்படிப் பார்ப்பதில்லை. அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதிய பிள்ளைகளின் சராசரியிலிருந்து நீர் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறீர், மற்றவர்களின் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்குப் பார்த்து, மூன்றுக்கும் சராசரி எடுப்பதுதான் இசட் புள்ளி. பௌதிகவியல் தாள் கடினமாக வந்து எல்லாருக்கும் புள்ளி குறைந்திருந்தால், உம்முடைய எஸ் அந்தச் சராசரிக்கு மேலேயே இருக்கலாம். எழுத்து அதைக் காட்டாது.

அடுத்தது மாவட்டம். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் முழுத் தீவுக்கும் பொதுவான திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதத்தை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கேற்பப் பிரிக்கிறார்கள். மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்த 16 இல் இருக்கின்றன. ஆகவே கொழும்புப் பிள்ளைக்கு ஒரு கற்கைநெறிக்குத் தேவைப்படுகிற இசட் புள்ளியும் உமக்குத் தேவைப்படுகிற இசட் புள்ளியும் ஒன்றல்ல. ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் எந்தக் கற்கைநெறிக்கு எந்த மாவட்டத்தில் ஆகக் குறைந்தது எவ்வளவு புள்ளிக்கு இடம் கொடுத்தது என்று அட்டவணை வெளியிடுகிறது. கடந்த வருட அட்டவணையில் முல்லைத்தீவு என்ற நிரலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வாரும். மருத்துவத்தில் நிறுத்த வேண்டாம். கடைசி வரி வரைக்கும் வாரும்.

மூன்று பாடமும் ஒரே முறையில் எழுதிச் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி. இந்த இரண்டும் இருந்தால் உமக்கு விண்ணப்பிக்கிற தகுதி வந்துவிட்டது. கிடைக்குமா என்பதை அவர்கள் சொல்லட்டும். நீரே உமக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டீர்.

இதில் இன்னொரு விஷயம் உமக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2024 பரீட்சையின் பெறுபேறு அந்த ஒரு கல்வியாண்டின் அனுமதிக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த வருடம் இதே பெறுபேற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இந்த முறை விண்ணப்பிக்காவிட்டால் இரண்டு வருடப் படிப்பும் வெள்ளத்துக்குள் போய் எழுதிய பரீட்சையும் அப்படியே வீண். விண்ணப்பித்தால் இரண்டாம் தரம் எழுத முடியாமல் போகுமோ என்று பயப்பட வேண்டாம். விண்ணப்பித்துவிட்டு இரண்டாம் தரமும் எழுதலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிப் பதிவு செய்த பிறகுதான் திரும்ப விண்ணப்பிப்பதற்குக் கடுமையான விதிகள் வருகின்றன. அனுமதிக் கைநூலில் அந்தப் பந்தியைப் பதிவதற்கு முன்னர் ஒரு தரம் ஆறுதலாக வாசியும்.

"முதலாவதாக மருத்துவத்தைப் போட்டால் மற்றது கிடைக்காமல் போய்விடும்" என்றும் பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்வார்கள். அது பிழை. விருப்ப ஒழுங்கில் எழுதச் சொல்வது, உமக்குப் புள்ளி போதுமானவற்றில் நீர் மேலே எழுதியதைத் தருவதற்காக. மேலே எட்டாதது இருப்பதால் கீழே உள்ளது பறிபோகாது. கீழே எழுதாமல் விட்டதுதான் பறிபோகும். கைநூலில் 100 இற்கு மேற்பட்ட கற்கைநெறிகள் இருக்கின்றன. உயிரியல் பிரிவுப் பிள்ளை என்றால் மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை. விவசாயம், உயிரியல் விஞ்ஞானம், உணவு விஞ்ஞானம், மீன்பிடி, சித்த மருத்துவம், தாதியர் பட்டம், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் உம்முடைய பிரிவுக்குரியவை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் இருக்கிறது. பம்பைமடுவில் வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட் மாதம் தனிப் பல்கலைக்கழகமானது. சட்டத்துக்கு எந்தப் பிரிவுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம்.

விவசாயத்தைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கியது. போர் அதைப் பெயர்த்துக்கொண்டு போனது. பிறகு திரும்பி வந்து இப்போது அறிவியல் நகரில் இருக்கிறது. உம்முடைய வீட்டிலிருந்து மாங்குளத்துக்கு வந்து ஏ9 வீதியில் வடக்கே ஏறினால் வருகிற இடம். எங்கள் மண்ணில் என்ன விளைகிறது, எந்தக் குளத்தில் எந்த மாதம் தண்ணீர் திறக்கிறார்கள் என்று உமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அம்மா கச்சான் பிடுங்கப் போகிற தோட்டத்தில் ஏன் ஒரு வருடம் காய் நிறைகிறது, ஒரு வருடம் பொக்காகப் போகிறது என்று கேட்டிருக்கிறீரா? அதைப் படித்துத் தெரிந்துகொண்டு வருகிற ஒருவருக்கு முல்லைத்தீவில் வேலை இல்லாமல் போகாது. ஊருக்கு டொக்டர் தேவை, உண்மை. மண்ணையும் நெல்லையும் படித்தவர்களும் தேவை. இது நான் ஆறுதலுக்குச் சொல்வதல்ல. விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலைகள் வவுனியாவிலும் பரந்தனிலும் இருக்கின்றன. பல்கலைக்கழகம் தவறினாலும் அங்கே டிப்ளோமா படிக்கலாம். வயலுக்கு வருகிற விவசாயப் போதனாசிரியர்கள் பலர் அப்படிப் படித்து வந்தவர்கள்.

விண்ணப்பத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் உயர்தரம் எழுதியது தொண்ணூறுகளின் கடைசியில், மல்லாவிப் பக்கம். அப்போது வன்னியிலிருந்து வவுனியாவுக்குப் போவதென்றால் பாஸ் என்ற பயண அனுமதி எடுக்க வேண்டும். படிவம் வவுனியாவில், நான் இந்தப் பக்கத்தில். தெரிந்த ஐயா ஒருவர் எனக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது முடிவுத் திகதி போய் ஒன்பது நாள். எனக்கு இடம் கிடைத்திருக்குமா இல்லையா என்று இன்று வரைக்கும் தெரியாது. "இல்லை" என்று ஒரு கடிதம் வந்திருந்தால் அன்றைக்கு அழுதுவிட்டு விட்டிருப்பேன். வெளிவாரியாகப் பட்டத்தை முடிக்கப் பதினொரு வருடம் சென்றது. இப்போது பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்துகொண்டு ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்த கிழமையில் நான் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக் கேட்கிற முதல் கேள்வி, விண்ணப்பம் போட்டாச்சா என்பதுதான். உமக்கு அந்தப் படிவம் கைபேசிக்கே வருகிறது. விண்ணப்ப காலம் இன்னும் முடியவில்லை, ஆனால் நாட்கள் குறைவு. வீட்டில் சிக்னல் இல்லாவிட்டால் ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்துக்கு வந்து அங்குள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளும். அடையாள அட்டை, பெறுபேறு, பாடசாலையில் படித்த காலத்துக்கான ஆதாரம் மூன்றையும் கொண்டுவாரும்.

இனி மாமா சொன்ன டிப்ளோமா. மாமா உமக்கு நல்லதைத்தான் நினைத்திருக்கிறார். இருந்தாலும் தாலிக்கொடியைப் பெட்டியை விட்டு எடுக்க வேண்டாம்.

அரச வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறவர்கள் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிப் பாடசாலையில் மூன்று வருடம் படித்தவர்கள், அல்லது பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் எடுத்தவர்கள். பயிற்சிப் பாடசாலைக்கு ஆள் எடுக்கிற அறிவித்தல் வர்த்தமானியில் வரும். அங்கே காசு கட்டிப் படிப்பதில்லை, படிக்கும் காலத்தில் மாதாந்தம் கொடுப்பனவு தருகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது. பெறுபேறு வந்து ஒன்றிரண்டு வருடத்துக்குப் பிறகும் அந்தப் பெறுபேற்றுக்கான அறிவித்தல் வரலாம். அதுவரைக்கும் யாரும் உம்மைத் தேடி வந்து சொல்லப் போவதில்லை. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது, இணையத்தில் தமிழில் இலவசமாக வாசிக்கலாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற மாதிரி அதையும் ஒரு வழக்கமாக்கிக்கொள்ளும். ஆசிரியர்களைப் பயிற்றுகிற கல்வியியற் கல்லூரிக்கான அறிவித்தலும் அதில்தான் வரும். வவுனியாவிலும் கோப்பாயிலும் கல்லூரி இருக்கிறது. இரண்டு வருடம் அங்கே தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத பாடசாலைகள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று உமக்கே தெரியும்.

தனியார் நிறுவனம் எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. முதியோரைப் பராமரிப்பதற்கு, தனியார் வைத்தியசாலையில் உதவியாளராக நிற்பதற்கு அந்தப் படிப்புகள் உதவலாம். ஆனால் மூன்றரை இலட்சம் கேட்கிற இடத்தில் மாமாவும் நீரும் நேரில் போய் நின்று கேட்க வேண்டியது சில இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த இலக்கம் என்ன? முடிவில் தருகிற சான்றிதழ் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழா, எத்தனையாம் மட்டம்? போன வருடம் முடித்த பிள்ளைகளில் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கம் தருவீர்களா? அந்தப் பிள்ளைகளோடு நீரே கதையும். எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், அந்தச் சான்றிதழைக் காட்டி எடுத்த வேலையா, காட்டாமலே கிடைத்திருக்குமா என்று கேளும். இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வராமல், "இன்றைக்குக் கட்டினால் கழிவு" என்ற கதை வந்தால் எழும்பி வந்துவிடும்.

தாலிக்கொடிக்கு வேலை வராது என்றும் இல்லை. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. வீட்டு வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை மாதம் 7,500 ரூபாவுக்குக் கூட்டினார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கு மாணவர் உதவுதொகை இருக்கிறது. இருந்தாலும் முதல் சில மாதம் அந்தக் காசு கைக்கு வராது. சாப்பாடு, பஸ், ஒரு மடிக்கணினி என்று செலவு முன்னுக்கு வந்து நிற்கும். அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால் அந்த நேரம் வைக்கலாம், கொஞ்சமாக, மீட்கிற திகதியையும் எழுதி வைத்துக்கொண்டு.

அண்ணா சொன்ன இரண்டாம் தரம் பற்றி. நான் எல்லாப் பிள்ளைக்கும் எழுது என்றும் சொல்வதில்லை, எழுதாதே என்றும் சொல்வதில்லை. முதலில் உம்முடைய இசட் புள்ளிக்கும் நீர் விரும்புகிற கற்கைநெறியின் முல்லைத்தீவுப் புள்ளிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாரும். கிட்டவென்றால் எழுதலாம். பிறகு, ஏன் குறைந்தது என்று பாரும். உங்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்க ஆசிரியர் இருந்தாரா? எத்தனை அலகு முடியாமல் பரீட்சைக்குப் போனீர்? வன்னியில் ஒரு பாடத்துக்கு ஒரு தவணை முழுக்க ஆளில்லாமல் இருந்து பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு விட்டுப்போன அலகுகளைப் படித்தால் புள்ளி ஏற இடமிருக்கிறது. எல்லாவற்றையும் படிப்பித்து, நீரும் படித்து, அதற்குப் பிறகும் இவ்வளவுதான் வந்தது என்றால் அது வேறு.

யாழ்ப்பாணத்தில் அறை எடுப்பதற்கு முன்னர் வீட்டிலேயே ஒன்று செய்து பாரும். பழைய பரீட்சைத் தாள்களில் நீர் இதுவரை செய்யாத வருடம் ஒன்றை எடும். 50 பல்தேர்வு வினா, 2 மணித்தியாலம். கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நேரம் பார்த்து, மூன்று பாடத்தையும் மூன்று நாளில் செய்யும். மூன்று கிழமை படித்துவிட்டு இன்னொரு வருடத் தாளோடு அதையே திரும்பச் செய்யும். புள்ளி ஏறுகிறதா என்று பாரும். 20 இலிருந்து 28 க்கு வந்தால் உமக்குள் இடமிருக்கிறது. அசையாமல் நின்றால், அடுத்த பரீட்சைக்கு இருக்கிற சில மாதத்துக்குள் மருத்துவத்துக்கான புள்ளிக்கு ஏறுவது கடினம், அதை நான் உமக்கு மறைக்க மாட்டேன். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம் வரைக்கும் எழுதலாம் என்று விதி இருக்கிறது. அந்த மூன்றாம் தரத்தையும் எழுதிவிட்டு, இருபத்துமூன்று வயதில், கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்த பிள்ளைகளின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் தரத்தை எழுதுவதென்றால் இது கடைசி என்று வீட்டில் இப்போதே சொல்லிவிட்டு எழுதும்.

யாழ்ப்பாணத்துக்கே போக வேண்டுமா என்பதையும் அண்ணாவோடு கதையும். அறை வாடகை, சாப்பாடு, மூன்று ரியூசன், பஸ் என்று ஒரு மாதச் செலவை ஒரு தாளில் எழுதி, அதை அண்ணாவின் சம்பளத்துக்குப் பக்கத்தில் வையும். அவர் "நான் பார்க்கிறேன்" என்று சொன்னது அன்பினால். கணக்குப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியாது. கிளிநொச்சிக்கோ முள்ளியவளைக்கோ கிழமையில் இரண்டு நாள் போய்வந்து, மிச்சத்தை இணையத்தில் பதிந்து வைத்திருக்கிற வகுப்புகளில் படிக்கிற பிள்ளைகளும் நல்ல புள்ளி எடுக்கிறார்கள். உம்முடைய பாடசாலை முல்லைத்தீவில் என்பதால், ரியூசன் எங்கே எடுத்தாலும் உம்முடைய மாவட்டம் முல்லைத்தீவுதான்.

விண்ணப்பம் போட்டதிலிருந்து வளாகம் தொடங்கும் வரைக்கும் பல மாதம் போகும், சில நேரம் ஒரு வருடத்துக்குக் கிட்ட. அந்தக் காலத்துக்கு ஆங்கிலம். விஞ்ஞான, விவசாய பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில்தான். தமிழில் நன்றாகப் படித்த வன்னிப் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுக்குப்படுவது பாடத்தில் அல்ல, அந்த மொழியில். வகுப்பு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய கல்வி நிறுவகத்தின் உயிரியல் வளநூல் ஆங்கிலத்திலும் இருக்கிறது. உமக்குத் தமிழில் தெரிந்த அதே பாடம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், தமிழ்ச் சொல்லை ஓரத்தில் எழுதிக்கொண்டு. கலம், இழையம், ஒளித்தொகுப்பு எல்லாம் உமக்குத் தெரியும், ஆங்கிலப் பெயர்தான் புதிது.

கூட்டாளி கூப்பிட்ட கார்மென்ற்ஸ் வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த வேலையால் கல்வீடு கட்டிய பிள்ளைகள், தம்பி தங்கச்சியைப் படிப்பித்த பிள்ளைகள் எங்கள் பிரதேசத்தில் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் தொடங்கும் வரைக்கும் வீட்டுக்குக் காசு வேண்டுமென்றால் போகலாம். இரண்டாம் தரம் எழுதுவதாக இருந்தால் போக வேண்டாம், இரண்டையும் ஒரே உடம்பு தாங்காது. போனால் நியமனக் கடிதம் வாங்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு உம்முடைய சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம் அவர் போட வேண்டும். உம்முடைய அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வையும். எந்த மாதம் நிற்பாட்டுவது என்பதையும் போகும்போதே அம்மாவிடம் சொல்லி வையும், இல்லாவிட்டால் காசு வரத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே வாய் வராது.

பல்கலைக்கழகமும் கிடைக்காமல், தாதியர் அறிவித்தலும் பிந்தினால்? அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் 2016 இலிருந்து நடக்கிறது. அங்கே உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது, உம்முடைய பாடங்களுக்கு ஒத்துவரும். என்.வி.கியூ. 4 என்றால் ஒரு தொழிலைத் தனியாகச் செய்யத் தெரிந்தவர் என்று பொருள். 5 உம் 6 உம் டிப்ளோமா மட்டங்கள். 7 பட்டம், இரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் (யூனிவொடெக்) அதைப் படிக்கலாம். இந்த வழியால் போகிறவர்களும் பட்டதாரியாகத்தான் வெளியே வருகிறார்கள், இடையில் எந்தப் படியில் நின்றாலும் வேலைக்குரிய ஒரு சான்றிதழ் கையில் இருக்கும்.

அம்மா. "ஒன்றும் சொல்கிறா இல்லை, அழுகிறா" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். மருத்துவம் கிடைக்காததற்காக அழுகிறா என்று நீர் நினைக்கிறீர். இருக்கலாம். மூன்று பேர் மூன்று செலவைச் சொல்கிற வீட்டில், காசு இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமலும் அழலாம். கிழமைக்குக் கட்டுகிற குழுக்கடன் ஏதாவது இருக்கிறதா என்று கேளும். எங்கள் பக்கத்து அம்மாமார் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஒரு இரவு சாப்பிட்ட பிறகு நீரும் அண்ணாவும் அம்மாவும் இருந்து, இசட் புள்ளித் தாளையும் செலவுத் தாளையும் நடுவில் வைத்துக் கதையும். அம்மாவுக்கு வாசித்துச் சொல்லும். கடைசியில் அம்மாவிடம் என்ன நினைக்கிறீங்கள் என்று கேட்டுவிட்டு, அவ வாய் திறக்கும் வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இரும்.

இனி அண்ணாவுக்கு. உம்முடைய கடிதத்தில் அவருக்கென்று ஒரு கேள்வியும் இல்லை, ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. ஏழு வருடம் உழவு இயந்திரம் திருத்துகிறவரிடம் சான்றிதழ் இல்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், தெரிந்த வேலையைச் செய்து காட்டி என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கிற முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று சொல்வார்கள். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை அதைச் செய்கிறது. மதிப்பிடுகிறவர் அவர் வேலை செய்து காட்டுவதைப் பார்த்து, கேள்வி கேட்டு, எந்த மட்டம் என்று தீர்மானிப்பார். நாளைக்கு அவர் ஒரு அரச திணைக்களத்தின் வேலைத்தலத்துக்கு விண்ணப்பித்தாலும் சரி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவர் மூலம் வெளிநாட்டுக்குப் போனாலும் சரி, அந்தச் சான்றிதழ் அவரைக் கூலி என்ற வரியிலிருந்து எடுத்துத் தொழில் தெரிந்தவர் என்ற வரியில் போடும். சம்பளமும் அதற்கேற்ப மாறும்.

அதற்கு அவர் வேலை செய்கிற கராச் முதலாளியிடம், எந்த வருடத்திலிருந்து என்ன வேலை செய்கிறார் என்று ஒரு கடிதம் வாங்கி வைக்கச் சொல்லும். திருத்துகிற வேலையைச் சில படம் எடுத்து வைக்கவும் சொல்லும். நீர் விண்ணப்பம் நிரப்ப வருகிற நாள் அவரையும் கூட்டிக்கொண்டு வாரும், இரண்டையும் ஒரே நாளில் தொடங்கிவிடலாம். வருவதற்கு முன்னர் உம்முடைய இசட் புள்ளியை எனக்கு எழுதி அனுப்பும். முல்லைத்தீவு நிரலை எடுத்து, உமக்கு எட்டக்கூடியவற்றை அடையாளம் போட்டு வைக்கிறேன்.